ரிமோட்டுக்குப் போன பேட்டரி

ஜெனிட்டா,

உப்புமா மூடி வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியை மாடிவீட்டுக் காவேரி அக்காவிடம் கொடு. அம்மா டியூட்டி முடிந்து பன்னிரண்டுக்கு வருவாள்.

நேற்று ஏனாத்தூரில் உங்கள் ரோபோட்டிக்ஸ் வகுப்புக் கண்காட்சியில் நீ செய்த ரோபோ வண்டி தரையில் போட்ட கறுப்புக் கோட்டின் மேல் ஒரு சாண்கூட ஓடவில்லையே, அது உன் தப்பு இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிரிக்கெட் பார்க்க ரிமோட் வேலை செய்யவில்லை என்று, உன் வண்டியிலிருந்து இரண்டு பேட்டரியை நான்தான் எடுத்தேன். ரிமோட்டில் இருந்த தீர்ந்துபோன பேட்டரிகளை வண்டியில் போட்டுவிட்டு மறந்தே போனேன்.

"வீட்ல நல்லா ஓடிச்சிப்பா" என்று நீ சொன்னாய். அத்தனை பேர் முன்னால் நான், "மூணு மாசமா இங்க வந்து இன்னாத்த கத்துக்கினு இருந்த?" என்று கத்தினேன். பஸ்ஸில் நீ வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாய்.

வீட்டுக்கு வந்து டிவி போட்டபோதுதான் நினைவு வந்தது. உள்ளே நீ அழுதுகொண்டிருந்தாய். அப்போதே வந்து சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நீ எழுந்திருப்பதற்குள் இப்போது கிளம்புவதும் அதனால்தான்.

உங்கள் சார் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன். அடுத்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொல்ல ஐந்து நிமிடம் கேட்பேன். புது பேட்டரி மேசை மேல் இருக்கிறது, நீயே போட்டுக்கொள். கேட்காமல் இனி அந்த வண்டியைத் தொடமாட்டேன்.

அப்பா

இனிமேல் வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. வகுப்பை மட்டும் விட்டுவிடாதேம்மா.