மீன்தொட்டியைக் கழுவியது நான் இல்லை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மீன்தொட்டி கழுவிய அன்றைக்கு அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: "குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தாதீங்க." போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

நீ விடுமுறையில் வந்து, அப்பாவுக்குப் பொழுதுபோகட்டும் என்று உன் அறையில் தொட்டியை வைத்து, மறுநாளே எட்டு மீன்களை விட்டுவிட்டுக் கிளம்பினாயே, அந்த வாரமே தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துவிட்டது. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்தேன், புதுத் தொட்டியில் அப்படித்தான் ஆகுமாம், மீன் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் வளர ஒரு மாதமாவது வேண்டும், அதுவரை தீனியைக் குறைத்து, மீனுக்கு ஆகாத குளோரின் பறந்துபோக ஒருநாள் வாளியில் திறந்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் போதும். ஆனால் உன் அப்பாவுக்குக் கலங்கல் கண்ணில் பட்டால் ஆகுமா? முப்பத்தொரு வருடம் குடிநீர் நிலையத்தில் குளோரின் கலந்தவர். செவ்வாய்க்கிழமை காலை மீன்களைக் கிண்ணத்தில் எடுத்துவிட்டு, தண்ணீரை முழுக்க இறைத்து, கூழாங்கல்லைத் தேய்த்து, பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, "ஊரே குடிக்கிற தண்ணி, இந்தச் சுண்டைக்கா மீனுக்கு ஆகாதா?" என்று தளும்பத் தளும்ப நிரப்பினார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். கிளம்புகிற அன்று சாப்பாட்டு மேசையில் நீ சொன்னாயே, "சித்தி புத்தகத்தைப் படிச்சுட்டு வந்து அப்பாவுக்கே தண்ணியைப் பத்திப் பாடம் எடுப்பாங்க பாரு" என்று. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என் வாயை அடைத்தது என்று எழுதினால் முழு உண்மையாகாது, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்ற பொல்லாத எண்ணமும் உள்ளே இருந்தது. மாலைக்குள் ஆறு மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து செத்தன. அதில் என் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் உன்னிடம் "சித்திதான் சுத்தம் பண்றேன்னு கழுவித் தொலைச்சுட்டா" என்று சொன்னபோது நான் அடுத்த அறையில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் உன் செய்தி வந்தது, "அப்பாவோட ஒரே சந்தோஷம், அதையும் விட்டு வைக்கலையா?" என்று. உன்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவள் நான், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்த இந்த ஏழு வருடத்தில் இந்த வீட்டில் ஒரு நாற்காலியைக்கூட இடம் மாற்றிப் போட்டதில்லை. கழுவியது நான் இல்லை. அதை மட்டும் நீ நம்பினால் போதும்.

மிச்சமிருக்கும் இரண்டுக்கும் தண்ணீர் மாற்றுவது இப்போது நான்தான். தொட்டி பழகும்வரை யாரிடமும் புது மீன் வாங்கிக் கொடுத்து அனுப்பாதே. வேளைக்குச் சாப்பிடு, அந்தப் பல்லை டாக்டரிடம் காட்டு, எல்லா நன்மையும் உனக்குக் கூடட்டும்.

இப்படிக்கு,
சித்தி

பி.கு. முதுகுக்குப் பின்னால் எழுதியதாக இருக்கவேண்டாம் என்று, உறையை ஒட்டுமுன் இதை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, தபாலில் போடவேண்டாம், தானே உன்னிடம் சொல்லிவிடுவதாகச் சொன்னார். நான்கு நாள் காத்திருந்தேன். நேற்று போனில் நீ மீனைப் பற்றிக் கேட்டதற்கு, "சித்தி கையிலேருந்து தப்பிச்ச ரெண்டும் நல்லா இருக்கும்மா" என்றார். இன்று தபாலில் போடுகிறேன்.