ஆஸ்டினுக்கு ஒரு துவாலை

2 ஆகஸ்ட் 1959, ஞாயிறு

என் பூத்துவாலை போச்சு. அண்ணன் சிலோனிலிருந்து கொண்டுவந்த ரோஜா நிறத் துவாலை. அழுக்காகிவிடுமே என்று பெட்டியைவிட்டு வெளியில் எடுக்காமல் வைத்திருந்தேன். காலையில் முற்றத்துக்கு வந்தால், அதை வைத்து இவர் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"என் மூஞ்சியத் துடைக்கவே எனக்கு மனசு வரல, நீங்க பானெட்டத் துடைக்கிறீகளா?" என்றேன்.

"நல்லாத் தண்ணி குடிக்குது, சர்பு" என்றார் என்னிடம், பெருமையாக.

குடித்தது வாஸ்தவம்தான். காய்ந்த பிறகு பார்த்தால் வெளிர் நீல ஆஸ்டின் முழுக்க ரோஜா நிறப் பஞ்சு. கோழிக்குஞ்சுக்கு இறகு முளைத்த மாதிரி. டிரைவர் மலைச்சாமி திரும்பி நின்று சிரித்ததை நான் பார்த்தேன்.

5 ஆகஸ்ட், புதன்

கார் வாங்கி மூன்று மாதமாகிறது. தினமும் குளிக்கிறது. எங்கேயும் போகவில்லை. "எம்மா, இந்தக் காரு ஓடுனத விடக் குளிச்சதுதான் சாஸ்தி" என்கிறார் மலைச்சாமி.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கழுவின கையோடு துடைக்காவிட்டால், சொட்டு காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம் விழுந்துவிடும். வட்டம் விழுந்த காரை இவர் தெருவில் இறக்கமாட்டார். "நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாக?" என்கிறார். நாலு பேர் காரையே பார்த்ததில்லையே!

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கீரனூரில் அம்மா வீட்டில் தங்கை ஜெய்தூனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. "கார்லயே வந்து பாக்குறோம்" என்று இவர்தான் என் அத்தாவிடம் வாக்குக் கொடுத்தார். 30ஆம் தேதி நாற்பதாம் நாள் குளிப்பு. அது முடிந்ததும் அவள் பிள்ளையோடு மாமியார் வீட்டுக்கு, கோயம்புத்தூருக்குப் போய்விடுவாள். அதற்குள் நான் அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கவேண்டும். பஸ்ஸில் போகிறேன் என்றால் இவருக்குக் கௌரவக் குறைச்சலாம்.

9 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று புத்தம்புது ஈரிழைத் துண்டு. கஞ்சி விறைப்போடு அப்படியே எடுத்துத் துடைத்திருக்கிறார். தண்ணீரைக் குடிக்கவில்லை, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குத் தள்ளிக்கொண்டு போனது. வட்டமோ வட்டம். பயணம் ரத்து.

10 ஆகஸ்ட், திங்கள்

அந்தத் துண்டை இன்று நான் துவைத்தேன். என் தலையெழுத்து.

14 ஆகஸ்ட், வெள்ளி

ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மெட்ராஸிலிருந்து சரக்கு வாங்க வந்தவர் சொன்னாராம், சீமையில் காரைத் துணியால் துடைப்பதே கிடையாது, தோலால்தான் துடைப்பார்களாம்.

"தோல்ஷாப்பு வச்சிருக்கிற எனக்கு இது தெரியாமப் போச்சே! ஊருக்கெல்லாம் தோல் பதனிட்டுக் குடுக்குறேன், என் காருக்குப் பஞ்சுத்துணியா?"

வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்துவிட்டாராம். சோறுகூட இறங்கவில்லை. இருப்பதிலேயே மெல்லிய ஆட்டுத்தோலைத் தேடி ஷாப்புக்கே திரும்பி ஓடிவிட்டார்.

16 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதவே சிரிப்பாக வருகிறது. சிரிக்கக் கூடாது. பாவம்.

தோல் அருமையான தோல்தான், நானே தொட்டுப் பார்த்தேன். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, பானெட், கதவு, கூரை என்று ஒரு இடம் விடாமல் துடைத்தார். அது ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள்கணக்காக ஊறின தோல் என்பது அவருக்குத் தெரியாதா? ஊற வைத்ததே அவர் ஷாப்பில்தானே! நனைந்ததும் பட்டைச்சாறு இறங்கிவிட்டது. வெளிர் நீலக் காரில் பழுப்புப் பழுப்பாகக் கோடு. யாரோ டீயைக் கொட்டிக் கையால் மெழுகின மாதிரி.

சீமைக்காரன் துடைக்கிறது மீன் எண்ணெயில் பதனிட்ட தோலால்தானாம். மெட்ராஸ்காரர் அதைச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தோல் வியாபாரி தோலைப் பற்றி இன்னொருவரிடம் கேட்பாரா?

மலைச்சாமியும் இவரும் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, சாயங்கால அஸர் தொழுகைக்குள் கறையை எடுத்துவிட்டார்கள். இந்த ஞாயிறும் போச்சு.

17 ஆகஸ்ட், திங்கள்

பேச்சுவார்த்தை இல்லை. காரோடும் இல்லை, என்னோடும் இல்லை.

20 ஆகஸ்ட், வியாழன்

இவர் ஷாப்புக்குப் போனதும் நானே இறங்கிவிட்டேன். நைந்த மல் வேட்டி ஒன்று கிடந்தது, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனது. கரையைக் கிழித்துப் போட்டேன், கரை நூல் கீறும். இரண்டு துண்டாக்கி, ஒன்றை நனைத்து ஒட்டப் பிழிந்துகொண்டேன். அரிக்கேன் கண்ணாடி துடைக்கிற எனக்குத் தெரியாதா, காய்ந்த துணி ஈரத்தைத் தள்ளும், ஈரத்துணிதான் எடுக்கும் என்று! மலைச்சாமியிடம் காரை நிழலுக்குத் தள்ளிக் கழுவச் சொன்னேன். அழுத்தித் தேய்க்காமல், துணியை விரித்துப் போட்டு அப்படியே இழுத்தேன். பின்னாலேயே காய்ந்த துண்டால் ஒரு தடவல்.

ஒரு வட்டம் இல்லை. என் மூக்குத்திகூடத் தெரிந்தது.

இவர் வந்து பார்த்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என் வேட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

21 ஆகஸ்ட், வெள்ளி

"ஞாயித்துக்கெழமை கெளம்பலாமா?" என்று கேட்டேன்.

"பின் டயரு கொஞ்சம் தேஞ்சிருக்கு, சர்பு."

நேற்றுவரை தேயாத டயர்! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நேராச் சொல்லுங்க. என் தங்கச்சி புள்ளையப் பாக்க ஒங்களுக்கு இஷ்டமில்ல, அம்புட்டுத்தானே?"

சோறு பிசைந்த கை நின்றுவிட்டது.

"அங்க போனா பொம்பளைக எல்லாம் உன்னையச் சுத்தி உக்காருவாக. 'ஒனக்கு எப்ப'ன்னு கேப்பாக. போன தடவ ஒட்டன்சத்திரத்துலருந்து வீடு வரைக்கும் பஸ்ஸுல அழுதுட்டே வந்த. இன்னொரு தடவ அதப் பாக்க என்னால ஏலாது."

அதற்கா? அதற்கா இந்தப் பூத்துவாலையும் ஈரிழையும் ஆட்டுத்தோலும்? கல்யாணமாகி ஒன்பது வருஷம். எனக்கு மட்டும்தான் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு மடச்சி.

"அழுதா நீங்க தொடச்சு விடுங்க. அதுக்குத்தான் இம்புட்டுத் துணி சேத்து வச்சிருக்கோம்ல" என்றேன். சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அப்புறம் கொஞ்சம் அழுதேன். மனுஷன் துடைக்கவில்லை, அவருக்கே துண்டு தேவைப்பட்டது.

31 ஆகஸ்ட், திங்கள்

போய்விட்டு வந்துவிட்டோம்!

நேற்று நாற்பதாம் நாள். பழனி தாண்டினதிலிருந்து ஒரே புழுதி. கீரனூரில் இறங்கும்போது கார் என்ன நிறம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டார்கள். பெரியம்மாதான் முதலில் கேட்டார். "அல்லா தரும்போது தரட்டும் பெரிம்மா. இப்பதைக்குக் காரக் குளிப்பாட்டவே நேரம் சரியாப் போகுது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வலித்தது. ஆனால் தாங்கிவிட்டேன்.

பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டி முதன்முதலாக ஏறினது எங்கள் காரில்தான். "எனக்குத் தூக்கத் தெரியாது" என்று பின்வாங்கின இவரை முன் சீட்டில் உட்காரவைத்து, மடியில் கிடத்திவிட்டாள் ஜெய்தூன். பயல் செத்த நேரத்தில் தூங்கிப்போனான். தூங்கிக்கொண்டே வேலையையும் காட்டிவிட்டான். வேட்டி நனைந்து, தோல் சீட்டில் ஓடியது.

"ஐயோ மச்சான், சீட்டு!" என்று ஜெய்தூன் துணியோடு ஓடிவந்தாள்.

"ஸ்ஸ்... சத்தம் போடாத. முழிச்சிருவான்."

சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்தோம். மனுஷன் அசையவில்லை.

6 செப்டம்பர், ஞாயிறு

கார் அப்படியே நிற்கிறது, கீரனூர்ப் புழுதியோடு. ஒரு வாரமாகக் குளிக்கவில்லை. மலைச்சாமி காலையில் வாளியும் மல் துண்டும் எடுத்துக்கொண்டு போய் முன் சீட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். சீட்டில் பெரிதாக ஒரு கறை. துணியை வைக்கப்போனவரை இவர் ஓடிப்போய்த் தடுத்துவிட்டாராம்.

"வெளிய வேணும்னா கழுவு மலைச்சாமி. அது இருக்கட்டும்."

மலைச்சாமி அடுப்படி வாசல்வரை வந்து மெல்லக் கேட்டார்: "எம்மா, மொதலாளி ஒடம்புக்கு நல்லாத்தானே இருக்காரு?"

நல்லாத்தான் இருக்கார் என்றேன்.