கவனயீனம் என்று நான் கையொப்பமிட மாட்டேன்

அனுப்புநர்:
திருமதி மாகிரட் ஹெக்டர்,
சவுக்கடி ஒழுங்கை,
நாவலடிக்குடா,
கண்டி வீதி, திருகோணமலை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
நாவலடிக்குடா.

விடயம்: மோசடியாகப் பறிக்கப்பட்ட நலன்புரிக் கொடுப்பனவு அட்டைகளுக்குப் பதிலாகப் புதிய அட்டைகள் வழங்க மறுக்கப்படுவது தொடர்பான முறைப்பாடு

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் தங்கள் பிரிவில் நலன்புரிக் கொடுப்பனவு பெறும் குடும்பத்தைச் சேர்ந்தவள். என் கணவர் ஹெக்டர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் வேலையில் இருந்தபோது விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டவர். அன்றிலிருந்து படுக்கையில்தான் இருக்கிறார். அவருக்கு வைத்திருக்கும் சிறுநீர்க் குழாயைக் காலம் தவறாமல் மாற்ற வேண்டும். அந்தக் குழாயையும் மருந்தையும் இந்தக் கொடுப்பனவில்தான் வாங்குகிறோம். அந்தப் பணத்தை வங்கி இயந்திரத்தில் எடுப்பதற்குரிய அட்டை என் பொறுப்பில் இருந்தது.

2. கடந்த ஆவணி மாதம் முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டி, அட்டைகள் புதுப்பிக்கப்படுவதாக எங்கள் ஊரில் அறிவித்தார்கள். மறுநாள் பொதுநோக்கு மண்டபத்தில் ஒருவர் வந்து அமர்ந்தார். வெள்ளைச் சேட்டு, கழுத்தில் அடையாள அட்டை, மேசையில் சிறிய இயந்திரம். அவர் மின்விசிறியின் கீழ் இருந்தார். நாங்கள் வெளியே வெயிலில் நின்றோம்.

3. எனக்கு முன்னால் நின்றவர் தம்பிராசா அவர்கள். சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டவர். கண்பார்வை மிகக் குறைவு. இயந்திரத்தில் இலக்கம் அழுத்தத் தடுமாறிய அவரை, "கண் தெரியாட்டி வீட்டில கிடக்கிறதுதானே, ஏன் வந்து எங்கட உயிரை எடுக்கிறாய்?" என்று அந்த மனிதர் எல்லோருக்கும் கேட்கும்படி ஏசினார். தம்பிராசா அவர்கள் தமது இரகசிய இலக்கத்தை வாயால் சொன்னார். அந்த மனிதரே அதை அழுத்திக்கொண்டார்.

4. என் முறை வந்தபோது, "ஐயா, நீங்கள் எந்தக் கந்தோரில இருந்து வந்தனீங்கள்?" என்று கேட்டேன். "கேள்வி கேக்கிற ஆக்களுக்கு அட்டை இல்லை. விருப்பமெண்டா வைச்சிட்டுப் போ, இல்லாட்டி அடுத்த ஆளுக்கு வழி விடு" என்றார். நானும் இலக்கத்தை அழுத்தி, அட்டையை வைத்துவிட்டு வந்தேன். புதிய அட்டை ஒரு கிழமையில் வரும் என்றார். வரவில்லை. வங்கியில் விசாரித்தபோது எங்கள் எல்லோருடைய கணக்குகளும் துடைக்கப்பட்டிருந்தன.

5. அந்த மாதம் குழாய் வாங்க முடியவில்லை. பழைய குழாயோடு இருந்த என் கணவருக்குக் கிருமி தொற்றிக் காய்ச்சல் கண்டது. வைத்தியசாலையில் அவர் என்னை யாரென்று அடையாளம் காணாமல் கிடந்தார். எங்களைப் போலவே அட்டையைப் பறிகொடுத்த என் அயலவர் உம்மு குல்சும் சிறுநீரக நோயாளி. வாகனச் செலவுக்கு வழியின்றி அவர் கிளினிக்குக்குப் போகவில்லை. கால்கள் வீங்கிய நிலையிலும் எனக்குத் துணையாக வைத்தியசாலை வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்.

6. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தோம். "நீங்கள்தானே குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்கள். தங்கள் செயலகத்திலும் அதையே கேட்டார்கள். ஆகவே அந்த மனிதரை நாங்களே தேடத் தொடங்கினோம்.

7. புரட்டாதியில், மூதூரில் வசிக்கும் உம்மு குல்சுமின் தங்கை தொலைபேசியில் பேசினார். சம்பூர்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் அட்டை புதுப்பிக்க மறுநாள் ஒருவர் வருவதாக ஒலிபெருக்கியில் கேட்டதாம். உம்மு குல்சும், தம்பிராசா அவர்கள், நான் மூவரும் விடிந்ததும் பஸ் ஏறினோம். அங்கே வரிசையில் நின்றோம். அதே ஆள்போல் பட்டதால், என் முறை வந்ததும் முன்பு கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். அவரும் முன்புபோலவே ஏசத் தொடங்கினார். எனக்குப் பின்னால் நின்ற தம்பிராசா அவர்கள் என் தோளைப் பிடித்து, "இவன்தான் பிள்ளை. இந்தக் குரல் எனக்குத் தெரியும்" என்றார்.

8. உம்மு குல்சும் மண்டபக் கதவைச் சாத்தி, வீங்கிய காலோடு அதற்கு முன்னால் உட்கார்ந்தார். "என்னத் தாண்டிப் போக ஏலாது. பொலிஸ் வரட்டும்" என்றார். விடயம் விளங்கியதும் சம்பூர்ப் பெண்களும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவரும் அந்த மனிதர்மேல் கை வைக்கவில்லை. அப்போதுதான் அவர், "அக்கா, உங்களக் கும்பிடுறன், விடுங்கோ" என்றார். எங்களோடு அவர் மரியாதையாகப் பேசியது அந்த ஒரு தரம்தான். நான் தொலைபேசியில் அழைத்த பொலிசார் வந்து அவரது பையைத் திறந்தபோது எங்கள் அட்டைகளும் அதற்குள் இருந்தன.

9. அந்த அட்டைகள் இப்போது வழக்கின் சான்றுப்பொருட்கள். திரும்பத் தர இயலாது என்கிறார்கள். அது நியாயமே. புதிய அட்டை கேட்டுத் தங்கள் செயலகத்துக்கு வந்தோம். அங்கிருந்த உத்தியோகத்தர் ஒருவர், அச்சடித்த கடிதம் ஒன்றைத் தந்தார். "எனது சொந்தக் கவனயீனத்தினால் அட்டையை இழந்தேன், இழப்புக்கு வேறெவரும் பொறுப்பல்லர்" என்று அதில் இருந்தது. "சைன் வைச்சா அட்டை வரும். வைக்காட்டி நாங்கள் ஒண்டும் செய்யேலாது" என்றார். ஊரில் பலர் கையொப்பமிட்டுவிட்டார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நாங்கள் மூவரும் கையொப்பமிடவில்லை.

10. ஐயா, கவனயீனம் எது என்று சொல்ல என்னை அனுமதியுங்கள். முன்பின் தெரியாத ஒருவரை நாங்கள் நம்பியதற்குக் காரணம் அவர் எங்களை ஏசியதுதான். பெயர் சொல்லாமல், வெயிலில் நிறுத்தி, கேள்வி கேட்டால் அட்டை இல்லை என்று மிரட்டுபவர் அரச உத்தியோகத்தராகத்தான் இருப்பார் என்று நினைத்தோம். அப்படி நினைக்க எங்களைப் பழக்கியது யார்? பண்பாகப் பேசியிருந்தால் அன்றைக்கே அவரைச் சந்தேகித்திருப்பேன். இது கடுமையான வார்த்தை என்று எனக்குத் தெரியும். ஆனால் உண்மை.

11. எனவே நான் கேட்பவை: கவனயீனம் என்ற கடிதம் இன்றி எங்களுக்குப் புதிய அட்டை வழங்க வேண்டும். ஏற்கெனவே கையொப்பமிட்டவர்களின் கடிதங்களை இரத்துச் செய்ய வேண்டும். கறந்தெடுக்கப்பட்ட பணத்தை மீளப் பெற எங்கள் சார்பில் செயலகம் வழக்கில் முன்னிற்க வேண்டும். இனி ஊருக்கு வரும் உத்தியோகத்தரின் பெயரும் படமும் வரும் நாளும் முன்கூட்டியே கிராம உத்தியோகத்தர் மூலம் அறிவிக்கப்பட வேண்டும். எந்த உத்தியோகத்தரும் இரகசிய இலக்கத்தைக் கேட்கமாட்டார் என்பதை அதே ஒலிபெருக்கியில், வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் விளங்கச் சொல்ல வேண்டும்.

12. என் கணவர் வீடு திரும்பிவிட்டார். தேவாலயத்தார் வாங்கித் தந்த குழாய் இந்த மாதத்துக்குப் போதும். அடுத்த மாதத்துக்கு என்னிடம் வழியில்லை. இருந்தும் செய்யாத பிழையை ஒப்புக்கொண்டு அட்டை வாங்க எனக்கு மனமில்லை. இதை அவரிடம் சொன்னேன். "நீ சைன் வைக்காத, மாகிரட்" என்றார்.

வருகிற திங்கட்கிழமை காலை தங்களை நேரில் காண நாங்கள் மூவரும் வருகிறோம். உம்மு குல்சுமுக்கு நிற்க இயலாது. ஒரு கதிரை தந்துதவுங்கள். தங்கள் செயலகம் தந்த கடிதத்தை ஒப்பமிடாமலே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். என் கையொப்பத்தை இந்த மனுவின் கீழ் மட்டும் இடுகிறேன்.

தங்கள் நடவடிக்கையை உரிமையோடு எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
மாகிரட் ஹெக்டர்

இடம்: நாவலடிக்குடா
திகதி: 14.11.2024