தவளை போட்ட மெட்டு

மார்ச் 4, திங்கள்

அடி தவளை, நீ போனதற்கு அப்புறம் இன்றைக்குத்தான் உன் நோட்டை எடுக்கத் துணிந்தேன். முதல் ஒன்பது பக்கம் உன் எழுத்து. முக்கால்வாசி அடித்துப் போட்டது. பத்தாம் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற உன் அண்ணிக்கு நோட்டு எதற்கு என்று நீ கேட்க மாட்டாய். மற்றவர்கள் கேட்பார்கள். அதனால் உன் அண்ணனின் பழைய ஸ்வெட்டருக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். அதை யாரும் தொட மாட்டார்கள், அவரே தொடுவதில்லை.

ஹோட்டல் லாண்டரியில் இன்று அறுபது படுக்கை விரிப்பு. நீ நிற்கும் பக்கத்தில் புதிதாக ஒரு பெண்ணை விட்டிருக்கிறார்கள். நெட்டை. விரிப்பைப் பிடித்ததும் வெடுக்கென்று இழுக்கிறாள், ஏதோ நான் திருடிக்கொண்டு ஓடுவது போல. பாதி மடித்ததும் கேட்டாள்: "அக்கா, ஏன் நடுவுல நின்னு நின்னு போறீங்க?"

நான் நிற்பது எனக்கே தெரியவில்லை. தள்ளிப் போகும்போது நான் மெட்டை முனகுவேன், மூலையைக் கொண்டுவந்து என் கையில் கொடுக்கும்போது நீ வார்த்தை வைப்பாய். இருபத்தொரு வருஷம். வார்த்தை வருகிற இடத்தில் கால் தானாக நின்றுவிடுகிறது. இதை அவளிடம் எப்படிச் சொல்ல? "முட்டி வலி" என்றேன்.

உன் ரப்பர் செருப்பு இன்னும் உருளை இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. பெருக்குகிறவள்கூட அதைச் சுற்றித்தான் பெருக்குகிறாள்.

மார்ச் 5, செவ்வாய்

கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ஒரு வேலையும் ஓடவில்லை.

மார்ச் 9, சனி

மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நம் பாட்டுக்கெல்லாம் வாத்தியம் சேர்த்துக் கொடுத்த மனுஷன், உட்காரவே கூச்சப்பட்டார். உன் நாற்காலியைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

உனக்கு நினைவுக் கச்சேரி நடத்தப் போகிறார்களாம். இருபத்து நாலாம் தேதி, டவுன் ஹால். "லாண்டரி ஜோடியின் பாடல்கள்" என்று போஸ்டர் போட்டாயிற்று.

"பதினாலு பாட்டும்மா. கடைசியா சாவிப் பாட்டு. அதுக்கு முன்னாடி நீங்க மேடைக்கு வந்து அந்தக் கதையைச் சொல்லணும்."

"எந்தக் கதை?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க. இஸ்திரி மெஷின் பெல்ட் கிறீச்சுன்னு கத்துச்சு, அந்தச் சத்தத்துக்கு மேல நீங்க பாடினீங்க, மெட்டு வந்துச்சு. அந்தக் கதைதான். நான் கீபோர்டுல பெல்ட் சத்தம்கூட ரெடி பண்ணிட்டேன்." வாயாலேயே கிறீச்சிட்டுக் காட்டினார். உன் அண்ணன் உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "எண்ணெய் போட்டா நின்னுடும்" என்றார். லிப்ட் மெக்கானிக் புத்தி எங்கே போகும்.

டீயை அவருக்குக் கொடுக்காமல் நானே குடித்துவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

இன்று எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் வீட்டுக்குள் நடந்து நடந்தே செத்துப்போவேன்.

சாவிப் பாட்டு மெட்டு என்னுடையது இல்லை.

மெட்டு நான், வார்த்தை நீ, பேர் எப்போதும் இரண்டும் சேர்ந்து. அதுதான் நம் பேச்சு. ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. நம் பாட்டு எல்லாம் அப்படித்தான், அந்த ஒன்றைத் தவிர. அன்று ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நீ கத்தினாய்:

"சாவியை வச்ச இடம்
உனக்கு மட்டும் தெரியும்
கதவு தெறந்தே கெடக்கு
அது எனக்கு மட்டும் தெரியும்."

உன் குரலில் எது மெட்டு, எது இருமல் என்று யாருக்குத் தெரியும்? தவளை என்று உனக்குப் பேர் வைத்ததே அந்தக் குரலுக்குத்தான். நான் என்ன சொன்னேன்? "இது தாலாட்டாடி, ஒப்பாரியா? ரெண்டுங்கெட்டான். தூக்கிப் போடு." நீ தூக்கிப் போடவில்லை. "அண்ணி, உங்க தொண்டையில ஒரு தடவை பாடுங்க. அப்புறம் போட்டுடலாம்" என்றாய். பாடினேன். மெஷின் பக்கம் நின்ற ஆறு பேரும் கையில் இருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

அப்புறம் ரேடியோவில் கூப்பிட்டார்கள். "இந்த மெட்டு எப்படி வந்தது?" என்று என் பக்கம் மைக்கை நீட்டினார்கள். இது இவள் போட்டது. மூன்றே வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பயமா, ஆசையா — இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில் நீ முந்திக்கொண்டு பெல்ட் கதையை அளந்தாய். அந்த மெஷினுக்கு அன்று பெல்ட்டே அறுந்து கிடந்தது.

பதினெட்டு வருஷம் ஆயிற்று. எத்தனை மேடை. "என்ன மெட்டு, என்ன மெட்டு" என்று என்னைப் புகழும்போதெல்லாம் நீ தலையைக் குனிந்துகொண்டு, தோளில் கிடக்கும் துண்டின் நுனியைத் திருகுவாய். நான் உன் முகத்தைப் பார்க்க மாட்டேன். அழுகிறாயோ என்று பயம். பார்த்தால் கேட்க வேண்டி வரும். கேட்டால் சொல்ல வேண்டி வரும்.

மார்ச் 12, செவ்வாய்

வேலைக்குக் கிளம்பி பஸ் நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து, மறுபடி போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு சாவிப் பாட்டைத்தான் முனகிக்கொண்டு வந்தாள். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவரும் லிப்ட் மாதிரிதானே, பட்டனை அழுத்தினால்தான் வாய் திறக்கும். சவரம் செய்துகொண்டிருந்தார். கதவருகே நின்று சொன்னேன்.

"சாவிப் பாட்டு மெட்டு நான் போட்டது இல்லைங்க. உங்க தங்கச்சி போட்டது."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம் முழுக்க அதைத்தான் கத்திக்கிட்டுக் கெடந்தா. ரெண்டு தடவை தலைவலி மாத்திரை போட்டேன்."

"அப்ப ஏன் இத்தனை வருஷம் ஒண்ணும் சொல்லல?"

"அவளும் சொல்லல, நீயும் சொல்லல. நடுவுல நான் யாரு?" கத்தியைக் கழுவினார். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார்: "மேடையில சொல்லப் போறியா?"

"சொல்லட்டுமா?"

தாடையில் ஒரு பக்கம் சோப்பு நுரை அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் அதைத் துடைக்காமலே நின்றார். தங்கையை நினைத்து அவர் அழுததை நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் இவ்வளவுதான்.

மார்ச் 20, புதன்

ஒத்திகை. பாடகிப் பெண் நல்லாப் பாடுகிறாள். மாஸ்டர் நாலு தடவை பெல்ட் சத்தம் போட்டார்.

மார்ச் 21, வியாழன்

சொல்லிவிடுவேன்.

மார்ச் 22, வெள்ளி

சொன்னால் என்ன மிஞ்சும்? மற்ற பாட்டெல்லாம் என் மெட்டுதான். ஆனால் ஊர் நினைவில் வைத்திருப்பது இந்த ஒன்றைத்தான். இதை எடுத்துவிட்டால் நான் படுக்கை விரிப்பு மடிக்கிற ஒரு பொம்பளை. அது ஒன்றும் கேவலம் இல்லை. ஆனாலும் எழுத்தைப் பார், கோழி கிளறினது மாதிரி.

மார்ச் 24, ஞாயிறு

சொன்னேன்டி.

ஹால் நிறைந்து, ஓரத்தில் எல்லாம் நின்றுகொண்டிருந்தார்கள். நம் லாண்டரி ஆட்கள் மூன்றாம் வரிசை. நெட்டைக்காரிகூட வந்திருந்தாள். தொகுப்பாளர் மைக்கை என் கையில் கொடுத்து, "அந்த பெல்ட் கதையை உங்க வாயால கேக்கணும்மா" என்றார்.

"பெல்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் கதை பொய்" என்றேன். "சாவிப் பாட்டு மெட்டு அவ போட்டது. நான் அதைத் தூக்கிப் போடச் சொன்னேன். அன்னிக்கு ரேடியோவுல கேட்டப்ப நான் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன். அது என்னோடது இல்ல."

இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று நின்றேன்.

கை தட்டினார்கள்டி, தவளை. எழுந்து நின்று தட்டினார்கள். முன் வரிசையில் ஓர் ஆள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கிறார். தொகுப்பாளர் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கி, "பாத்தீங்களா, இதுதான் பெருந்தன்மை. தன் உசிரான மெட்டையே தன் தோழிக்குக் காணிக்கையா கொடுத்துட்டாங்க" என்கிறார். நான் கொடுக்கல, அது அவளோடதுய்யா, அவளோடதை நான் எப்படிக் கொடுப்பேன் — சொல்லச் சொல்ல மைக் இல்லை. இன்னும் கை தட்டல். மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கிறீச் என்று பெல்ட்டைக் கத்தவிட்டார்.

உண்மையைச் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்களே. பொய்க்குத் தட்டினதைவிட ரெண்டு மடங்கு தட்டுறாங்களே. நான் இனி எங்கே போய் இதை இறக்கி வைக்கிறது?

மார்ச் 25, திங்கள்

லாண்டரியில் ஆளாளுக்குக் கையைப் பிடிக்கிறார்கள். சூப்பர்வைசர் தனியாகக் கூப்பிட்டு, "துக்கத்துல அப்படித்தான்மா தோணும். நாம செஞ்சதெல்லாம் அவங்க செஞ்சதுன்னு. என் வீட்டுக்காரி போனப்ப எனக்கும் அப்படித்தான். உடம்பைப் பாத்துக்குங்க" என்றார். நல்ல மனுஷன்.

வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம், "நீங்களாவது நாலு பேர்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"நான் சொன்னா தங்கச்சிப் பாசம்னுவாங்க."

"அப்ப யார்தான் சொல்றது?"

"அவ ஒருத்திதான். அவளும் பெல்ட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டா."

ஏப்ரல் 6, சனி

எழுத ஒன்றும் இல்லை. அலமாரியை மூன்று தடவை அடுக்கிக் கலைத்தேன். வீட்டில் உட்காரவே பிடிக்கவில்லை. வெளியே போனால் வீட்டுக்கு ஓடிவரத் தோன்றுகிறது.

ஏப்ரல் 18, வியாழன்

நெட்டைக்காரி இன்று வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சலாம். விரிப்பைத் தனியாக மடித்தேன். ஒரு நுனியை மேஜையில் வைத்து, அதன்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு தடவை பெட்டி விழுந்தது. மூன்றாவது தடவை கால்விரல் தப்பியது பெரிய விஷயம்.

ஏப்ரல் 19, வெள்ளி

அவள் வந்தாள். வழக்கம்போல வெடுக்கென்று இழுத்தாள். நேற்றுத் தனியாக நடந்ததாலோ என்னவோ, இன்று அந்த இழுப்பில் எனக்குக் கோபம் வரவில்லை. இழுக்கிற இடத்தில் மெட்டும் ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது. கால் நிற்கவில்லை. மூலையை வாங்கும்போது — இதைத்தான் எழுத வந்தேன் — வார்த்தையும் என் வாயிலேயே இருந்தது:

"மூலை நாலு இருக்குது
கையி ரெண்டுதான் இருக்குது
எதிர்ப்பக்கம் நீயில்லே
எப்படி நான் மடிக்கிறது."

"என்னக்கா முணுமுணுக்குறீங்க?" என்றாள்.

"முட்டி வலி" என்றேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

முழுப் பாட்டும் வந்துவிட்டது. இந்த நோட்டின் நடுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நீ செய்வது போலவே நிறைய அடித்தேன். எழுத்துப் பிழை இருக்கும். நீ இருந்தால் சிவப்பில் சுழித்திருப்பாய்.

மே 11, சனி

மாஸ்டருக்குப் பாடிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் திறக்கவில்லை.

"மெட்டு புதுசா இருக்கும்மா. நடுவுல ஒரு இழுப்பு இழுக்குதே, அது நல்லாருக்கு. ஆனா வார்த்தை... அவங்க நோட்டுல இருந்ததா?"

நேரம் இருந்தது. அன்று ரேடியோவில் இருந்ததைவிட நிறைய நேரம். பயமும் இல்லை.

"ஆமா மாஸ்டர். அவ நோட்டுலதான் இருக்கு."

பொய் ஒன்றும் இல்லையே. உன் நோட்டில்தானே இருக்கிறது.

"எப்படி எழுதி வச்சிருக்காங்க பாருங்க. போகப் போறோம்னு தெரிஞ்சிருக்கு" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

ஜூன் 16, ஞாயிறு

ரெக்கார்டிங் முடிந்தது. பேர் இரண்டும் சேர்ந்துதான். உன் அண்ணன் பாட்டை ஒரு தடவை போட்டுக் கேட்டார். "இது அவ எழுதினது இல்லையே" என்றார். "நடுவுல நீங்க யாரு?" என்றேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தார்.

ஜூலை 1, திங்கள்

இன்று லாண்டரி ரேடியோவில் நம் புதுப் பாட்டைப் போட்டார்கள். மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் ரேடியோக்காரர், "ஆள் போனாலும் அந்தப் பேனா இன்னும் எழுதிக்கிட்டேதான் இருக்கு" என்றார். நெட்டைக்காரி விரிப்பைப் பிடித்தபடி மூக்கை உறிஞ்சினாள்.

"உங்களைத் தப்பா சொல்லலக்கா. மெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வார்த்தை அவங்க ஒருத்திக்குத்தான் வரும்."

"ஆமா" என்றேன். "அவ ஒருத்திக்குத்தான் வரும்."

சுற்றி எல்லோரும் உன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி உன் செருப்பைக் கையில் எடுத்துத் துடைத்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தோளில் கிடந்த துண்டின் நுனி என் கையில் கயிறு மாதிரி முறுக்கிக் கிடக்கிறது. எனக்கு அழுகை வரவில்லையடி. சிரிப்பு வந்தது. வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு நின்றேன்.

தவளை, பதினெட்டு வருஷமும் நீ துண்டைத் திருகிக்கொண்டு நின்றாயே, அதுவும் இதுதானா?