பெரிய வெள்ளியில் பிடுங்கிய பிளக்

மாப்ளே,

நேற்று என் மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் புது சுவிட்ச் போர்டு வைத்தான். அதில் கடுகளவுக்கு ஒரு சிவப்பு விளக்கு. படுத்தால் நேராகக் கண்ணில் விழுகிறது.

"என்னங்க மாமா, அதையே மொறைச்சுப் பாத்துட்டிருக்கறீங்க?" என்றாள் மருமகள்.

"அது என் மாப்ளயோட கண்ணு அம்மிணி. செத்தும் என்னைய வேவு பாக்கறான்."

சிரித்துக்கொண்டே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் நாம் இருவரும் கடை போட்டு மோட்டாரும் ரேடியோவும் பழுது பார்த்த காலம். உங்கள் வேதக்காரர் வீடுகளில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்குதான் எரியும். நீதான் பித்தளைத் தண்டு செய்து, அதன் நுனியில் இதே போலச் சிவப்பாக எரியும் நியான் விளக்கை வைத்துக் கொடுத்தாய். கரண்டு வரும் லைன் வயரில் மட்டும் ஒரு ரெசிஸ்டர் கோப்பாய். "இத்தினியூண்டு வெளக்குக்குக் காவக்காரன் ஒருத்தனா?" என்று கேட்டேன்.

"இது உன்னாட்டம் மாப்ள. பந்தியில உக்காந்தா எந்திரிக்கத் தெரியாது. தடுக்க ஆளில்லீனா கரண்டை இழுத்து இழுத்தே வெடிச்சுரும்" என்றாய். கடையே சிரித்தது.

பெரிய வெள்ளியன்று படத்து விளக்கை அணைத்து, ஈஸ்டர் காலையில் மறுபடி ஏற்றுவது உங்கள் வழக்கம். எண்ணெய் விளக்கை ஊதினால் போதும். உன் விளக்குக்கு சுவிட்ச் கிடையாது, பிளக்கைத்தான் பிடுங்க வேண்டும். இரண்டு முள் பிளக். எப்படித் திருப்பிச் செருகினாலும் ஏறும். அதில் ஆபத்து இருப்பது உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

விளக்கு வைத்தபின் வந்த முதல் ஈஸ்டர். பிரியாணிக்கு மல்லசமுத்திரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன். பூசை முடிந்து உன் வீட்டுக்காரி தீர்த்தக் குப்பியோடு வந்தாள்.

"ஏனுங்ண்ணா, கோயிலுக்குக் கூப்புட்டா வரமாட்டீங்க, சோத்துக்கு மட்டும் மொத ஆளுங்களா?"

"சாமி உங்குளுது அம்மிணி. கோழி எல்லாத்துக்கும் பொதுவு."

சிரித்தபடியே உள்ளே போனாள். சற்று நேரத்தில் பித்தளை தரையில் விழும் சத்தம் கேட்டது.

பிளக்கைச் செருகியிருக்கிறாள். தீர்த்தம் தெளித்திருக்கிறாள். ஈரக் கையால் தண்டைப் பிடித்துப் படத்துக்கு முத்தம் வைக்கப் போயிருக்கிறாள். தண்டைப் பிடித்தபடியே விழுந்து கிடந்தாள். நீ பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாய். அப்போதும் அவள் விரல்கள் தண்டை விடவில்லை. நாம்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மூச்சு இல்லை.

தண்டைக் கவிழ்த்துப் பார்த்தாய். கரண்டு திரும்பிப் போகும் வயரில் துணி தேய்ந்து, கம்பி பித்தளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதுவரை அந்தக் கம்பியில் அடிக்க ஒன்றுமில்லை. பிளக்கைத் திருப்பிச் செருகியதும் அதுவே லைன் ஆகிவிட்டது. உன் ரெசிஸ்டர் அந்தப் பக்கம் சும்மா கிடந்தது. இந்தப் பக்கம் முழுக் கரண்டும் தடையில்லாமல் தண்டில் ஏறியிருந்தது. விளக்கு என்னவோ எப்போதும் போல அழகாகத்தான் எரிந்திருக்கும்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டார்கள். நீ அழவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய்.

"மாப்ள, எல்லா ஊட்லயும் இன்னிக்குத்தான் செருகுவாங்க."

செருப்பில்லாமல் ஓடினாய். நானும் பின்னால் ஓடினேன். வீடு வீடாக நுழைந்து பிளக்கைப் பிடுங்கினாய். கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா தீர்த்தம் சொட்டும் கையோடு படத்தருகே நின்றிருந்தார். அவர் தண்டைத் தொடுவதற்குள் பிடுங்கிவிட்டாய்.

"அட கிறுக்கா! ஈஸ்டரும் அதுவுமா ஆண்டவரை இருட்டுல வெக்கிறியே. உம் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவா?"

"அவ ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க பெரிம்மா" என்றாய்.

அவர் கையிலிருந்த ஈரத்தை நான் என் துண்டால் துடைத்தேன்.

அடக்கம் முடிந்து கடையைத் திறந்ததும் எல்லா விளக்கையும் வாங்கி வந்து பிரித்தாய். வயரை மாற்றினாய். ஒரு ரெசிஸ்டர் இருந்த இடத்தில் அதில் பாதி அளவில் இரண்டு, வயருக்கு ஒன்றாக. இனி எப்படித் திருப்பிச் செருகினாலும் நடுவில் ஒரு தடை நிற்கும். வெளிச்சம் ஒரு பொட்டும் குறையவில்லை. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம். அதைப் பார்த்துத்தான் நீ முதல்முறையாக அழுதாய். உன் வீட்டுப் படத்துக்கு மட்டும் பிறகு விளக்கே வைக்கவில்லை.

அதற்கப்புறம் எதைத் தொட்டாலும் முதலில் புறங்கையால் தொட்டாய். "உள்ளங்கையில புடிச்சா வெரலு மடங்கிக்கும், உடாது. பொறங்கையில பட்டா கையி தானா விலகிக்கும்" என்று எனக்கும் பழக்கிவிட்டாய். சோறு கொண்டுவரும் போசியைக்கூட நீ அப்படித்தான் தொடுவாய். நான் கேலி செய்வேன்.

நீ போனபோது அதே படத்தின் கீழ்தான் உன் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக உன் நெற்றியைத் தொட்டார்கள். நானும் தொட்டேன். கையை எடுக்கும்போதுதான் கவனித்தேன், கரண்டு இருக்கிறதா என்று பார்ப்பது போலப் புறங்கையால் தொட்டிருக்கிறேன்.

நீ அடிக்கவில்லை, மாப்ளே.