சேமக்காலையிலை வாசிச்ச பேர்

கீரி, மன்னார்.
கார்த்திகை மாதம்.

இயேசு மரி சூசை துணை.

அன்பு மகன் மில்ரனுக்கு,

நீ பிரான்சிலையோ வேறை எந்தப் பாலைவனத்திலையோ, எங்கை நிண்டாலும் காய்ச்சல் தலையிடி இல்லாமல் இருக்கவேணும் எண்டு மாதாவை மண்டாடுறன். நாங்களும் சுகம் எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தனான், ஆனா எழுதினா அரைவாசி பொய். உடம்புக்கு ஒண்டும் இல்லை, மனம்தான் சரியில்லை. போனிலை சொல்லலாம் எண்டா, உன்ரை பிரெஞ்சுப் படைக்கதை எடுத்த உடனை உனக்கு சிக்னல் போயிடும். பெத்தவளுக்குத் தெரியாதே அது எந்தச் சிக்னல் எண்டு. அதாலைதான் கடிதம். இதை நீ இடையிலை வெட்ட ஏலாது ராசா, இருந்து முழுக்க வாசி.

அக்கா அஞ்சலாவுக்கு இது ஏழாம் மாசம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கு, மற்றும்படி பயமில்லை எண்டு கிளினிக்கிலை சொன்னவை. அத்தான் றோய் கடலுக்குப் போய்வாறார், இந்தியன் றோலர் படகு போன கிழமையும் வலையை அறுத்துக்கொண்டு போட்டுது, திட்டித் திட்டி வாய் உளைஞ்சதுதான் மிச்சம். அப்பா கடலுக்குப் போகேல்லை. காத்து மழையாலை எண்டு நினைக்காதை. வாற தை மாசம் நீ திரும்ப அஞ்சு வரியத்துக்குப் படையிலை இருக்கக் கையெழுத்து வைக்கப்போறன் எண்டு அக்காவுக்குச் சொன்னனியாமே, அதைக் கேட்ட நாளிலை இருந்து அந்த மனுசன் சோத்தைப் பிசைஞ்சுபோட்டு எழும்பிப் போறார். எனக்குச் சொல்லாமல் அக்காவுக்குச் சொல்லுவியோ? சரி, அது கிடக்கட்டும்.

நடந்ததைச் சொல்லுறன். உனக்காக ஒரு பூசை ஒப்புக்குடுக்கவேணும் எண்டு அப்பா, என்னட்டையும் மூச்சுவிடாமல், ஒரு துண்டிலை உன்ரை பேரை எழுதிக் கோயில் பெட்டிக்குள்ளை போட்டிருக்கிறார். மற்ற மாசங்களிலை அந்தப் பெட்டி எல்லா வேண்டுதலுக்கும்தான். கார்த்திகை பிறந்தா அது செத்த ஆக்களின்ரை பேருக்கு மட்டும் எண்டது உனக்கும் தெரியும், சின்னனிலை நீயும் பீடத்துக்கு உதவி செய்தனிதானே. அப்பாவுக்கு அந்த நேரம் அது ஓடேல்லை. பாதரும் ஊருக்குப் புதுசு, எங்கடை வீட்டு ஆக்களை அவருக்குத் தெரியாது. ஆத்துமாக்கள் திருநாளண்டு பின்னேரம் சேமக்காலையிலை பூசை. எல்லாரும் தங்கடை தங்கடை கல்லறையிலை மெழுகுதிரி கொளுத்திப்போட்டு நிக்கிறம். பாதர் வாசிச்சுக்கொண்டு போறார், உன்ரை அப்பப்பாவின்ரை பேர் வருது, பிலோமினா மாமியின்ரை பேர் வருது, அதுக்குப் பிறகு மில்ரன் குரூஸ் எண்டு வருது. சனம் ஒரே குரலிலை நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும் எண்டு சொல்லுது. நானும் பழக்கத்திலை பாதி சொல்லிப்போட்டன் மகன். என்ரை வாயாலை. பிறகுதான் விளங்கிச்சு, ஐயோ பாதர் என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான் எண்டு சேமக்காலை அதிரக் கத்தினன். சனம் முழுக்கத் திரும்பிப் பாத்துது, அஞ்சலா வயித்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டாள். பாதர் பாவம், பிறகு வீட்டை வந்து மன்னிப்புக் கேட்டார்.

அண்டைக்கு வீட்டை வந்து அப்பாவைப் பேசாத பேச்சில்லை. விசரோ உனக்கு எண்டும் கேட்டன். எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்த மனுசன் கடைசியிலை ஒண்டு சொன்னார், நான் மாசம்தான் மாறிப் போட்டனான், உன்ரை மோன் பேரையே மாத்திப்போட்டானே எண்டார்.

நீ அங்கை மாக் கோஸ்ரா. பிறநாட்டாருக்கெண்டு பிரான்ஸ் வைச்சிருக்கிற அந்தப் படையிலை சேரேக்கை அவங்கள் வைச்ச பேர். ஒரு வரியத்துக்குப் பிறகு பழைய பேருக்குத் திரும்பலாம் எண்டு கேட்டவங்களாம், நீதான் வேண்டாம் எண்டனியாம். எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுது தெரியுமோ? இத்தனை வரியம் நான் வகுப்பிலை சரித்திரம் எண்டு படிப்பிச்சது இதைத்தான். சம்பளத்துக்கு ஒரு படையை வைச்சிருக்கிற எந்த அரசுக்கும் முதல் பயம் எதிரி இல்லை, அந்தப் படைதான். அது தங்கடை பக்கம் திரும்பாமல் இருக்க என்ன செய்யலாம் எண்டுதான் எல்லா ராசாக்களும் மண்டையைப் போட்டு உடைச்சவை. துருக்கிச் சுல்தான் எங்களைப்போலை வேதக்கார வீடுகளிலை பொடியளைப் பிடிச்சு, பேரையும் வேதத்தையும் மாத்தி, கலியாணம் கட்ட விடாமல் வளர்த்தான். உறவில்லாதவன்தான் தனக்கு விசுவாசமா இருப்பான் எண்ட கணக்கு. ரோமாபுரியிலை பிறநாட்டுப் படையாளுக்குக் குடியுரிமை, ஆனா தலை நரைக்குமட்டும் உழைச்சுக் குடுத்த பிறகு. எங்கடை நாட்டிலையும் அறுபத்திரண்டிலை சில அதிகாரிமார் ஆட்சியைக் கவிழ்க்கப் பாத்துப் பிடிபட்ட பிறகு, எந்தச் சாதிசனம் எண்டு பாத்துப் பாத்துத்தான் படைக்கு எடுக்கத் தொடங்கினவை. அதின்ரை பலனை நாங்கள் என்ன மாதிரிக் கண்டம் எண்டு உனக்குச் சொல்லத் தேவையில்லை, நீ என்ரை மடியிலை இருந்து பங்கர்க் குழிக்குள்ளை கண்டதுதானே. பொலநறுவையிலை வேளைக்காரர் எண்டு தமிழ்ப்படை சிங்கள ராசாவுக்குக் காவல் நிண்டது. சோழனோடை சண்டைக்குப் போங்கோ எண்டு அவன் சொன்ன அண்டைக்கு, அவங்கள் அவனுக்கு எதிராவே திரும்பினவங்கள். உன்ரை படையிலையும் ஒரு ரெஜிமென்ற் அல்ஜீரியாவிலை அரசாங்கத்துக்கு எதிரா எழும்ப, அந்த ரெஜிமென்ற்றையே கலைச்சுப்போட்டாங்கள். படைதான் எங்கடை நாடு எண்டு நம்பப் பழக்கினது அவங்கள், கடைசியிலை நடுத்தெருவிலை நிண்டது அதை நம்பினவங்கள்.

நீ ஒருக்கா போனிலை கேட்டாய், குரூஸ் மட்டும் என்ன, அதுவும் போத்துக்கீசன் வைச்ச பேர்தானே அம்மா எண்டு. கெட்டிக்காரன், அதுக்குப் பதில் இருக்கு. இப்ப சொல்லுறன். ஓம், அவன் வைச்சதுதான், அவனும் எங்கடை ஆக்களைத் தனக்குப் படையாக்கத்தான் பேரும் பட்டமும் குடுத்தவன். ஆனா அந்தப் பேரோடை எங்கடை பெண்டுகள் பிள்ளை பெத்தவை, அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவை, அந்தப் பேரைச் சொல்லி ஒப்பாரி வைச்சவை. அப்பிடித்தான் அது எங்கடை பேர் ஆனது. கோஸ்ராவை ஆர் அப்பிடிக் கூப்பிட்டது? உன்னை உரத்த குரலிலை எழுப்புற சார்ஜன்ற் மட்டும்தான்.

கோபத்திலை எழுதுறன் எண்டு நினையாதை. பயத்திலை எழுதுறன். போன முறை போலை மறுபடியும் உன்னை ஆபிரிக்காப் பக்கம் அனுப்பி, அங்கை உனக்கு ஒண்டு நடந்தா, மாதாவே அப்பிடி நடக்கக்கூடாது, மாக் கோஸ்ரா எண்டு பேர் எழுதின பெட்டி ஒண்டுதான் கீரிக்கு வரும். அப்ப நான் எந்தப் பேரைக் கூப்பிட்டு அழுறது? உன்ரை பேருக்கு ஏற்கெனவே இளைப்பாற்றி கேட்டாச்சு.

கையெழுத்து வைக்கிறதும் விடுறதும் உன்ரை விருப்பம், வளர்ந்த ஆம்பிளை. வராதை எண்டும் வா எண்டும் நான் கட்டளை போடேல்லை. ஒண்டே ஒண்டு கேக்கிறன். இருக்கிறதெண்டாலும் ஞானஸ்நானத்திலை வைச்ச பேரோடை இரு. அவங்களுக்கு உன்ரை உழைப்பு வேணுமெண்டா அது மில்ரன் குரூஸின்ரை உழைப்பா இருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை, குளிருக்குக் காதை மூடு, அப்பாவோடை ஒருக்கா நீயா எடுத்துக் கதை, அவர் தானா எடுக்கமாட்டார். அக்காவின்ரை பிள்ளைக்கு நீதான் ஞானத்தகப்பன் எண்டு முடிவெடுத்திருக்கிறம், அதுக்குக் கோயிலிலை உன்ரை சரியான பேர் தேவை.

மடு மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். உன்ரை நெத்தியிலை சிலுவை வரைஞ்சு விடுறன்.

உன்னைப் பெத்த அம்மா,
மாக்கிறட் குரூஸ்

பி.கு: உறையிலை அங்கத்தைப் பேர் இருந்தால்தான் கடிதம் உன்ரை கைக்கு வருமாம். அதை அஞ்சலா எழுதுவாள். என்னாலை ஏலாது.