மூன்று பக்கக் கணிதக் கோவை

வியாழன், மாசி 1989

எங்கள் பேராசிரியரைப் போலத் தலைக்கனம் பிடித்த மனிதரை நான் கண்டதில்லை. சஞ்சிகைக்கு அனுப்பும் ஆய்வுக் கட்டுரைக்காக இரண்டு வருடமாக எழுதிய தன் மூன்று பக்கக் கணிதக் கோவையை ஒரே வரியாகக் கணனிக்குள் தட்டிவிட்டு, அது சுருக்கித் தரும் என்று ஒரு கிழமையாகக் காத்திருக்கிறார். நினைவகம் போதாமல் அது தினமும் நின்றுபோகிறது. பழி கணனிக்கும் மின்சாரத்துக்கும்தான்.

இன்று அவர் சாப்பிடப் போன நேரம் கோவையை நாலு துண்டாகப் பிரித்து, ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்து, ஒவ்வொன்றையும் தனியே சுருக்கினேன். கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. வந்து பார்த்தவர் சிரித்தார்.

"உதென்ன ஐசே, சின்னப்பிள்ளையள் மாதிரிப் பேர் வைச்சு விளையாடுறீர்?"

"சேர், ஏயும் பியும் ஒண்டுதான். சியும் டியும் ஒண்டுதான். ஒண்டிலையிருந்து மற்றதைக் கழிக்க எல்லாம் வெட்டுப்பட்டுப் போகுது. கடைசியிலை வாறது சைபர்."

கடதாசியை வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "கட்டுரையிலை முழுசாய் அப்பிடியே இருக்கட்டும். மூண்டு பக்கத்தை ஆர் இருந்து பிரிச்சுப் பாக்கப் போறான்?"

ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அந்த மனிதருக்குத் தெரிந்த கணிதம் அவ்வளவுதான்.

நான் "ஓம் சேர்" என்றேன். கட்டுரையை நாளைக் காலை தபாலில் போடப் போவதும் நான்தான். முதல் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது. அவரைத் திட்டி இவ்வளவு எழுதுகிறேன். என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கவில்லை.